டெஸ்ட் சங்கு

நெய்வேலியில் வளர்ந்தவர்களிடம் மணி என்ன என்று கேட்டால், இன்றைக்கும் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எங்களுக்கு நேரம் என்பது கண்ணால் பார்க்கிற சமாச்சாரமே இல்லை. காலை ஷிப்ட்டுக்கு ஒரு சங்கு, மதிய ஷிப்ட்டுக்கு ஒரு சங்கு, ராத்திரி ஷிப்ட்டுக்கு ஒன்று. உலை வைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, குழாயடிச் சண்டையைப் பாதியில் நிறுத்தி நாளைக்கு வைத்துக்கொள்வது எல்லாம் அதன்படிதான். அந்தச் சங்கு நீளமாக, ஒரே மூச்சில், மாடு கூப்பிடுகிற மாதிரி ஊதும். அதற்கு யாரும் பயந்ததில்லை.

பயந்தது இன்னொன்றுக்கு. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கமான மைன்ஸுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் ஊதுகிற அபாயச் சங்கு. அது விட்டு விட்டு, ஏறி ஏறி இறங்கும். அழுது விக்கல் எடுத்த குழந்தை திரும்ப அழத் தொடங்குவது போல இருக்கும். அது பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் சும்மா ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள். அதற்கு டெஸ்ட் சங்கு என்று பெயர். முதல் திங்களன்று ஊதினால் பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட நிறுத்த மாட்டார்கள். வேறு எந்த நாளில் ஊதினாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த வித்தியாசம் எங்கள் பிளாக்கில் பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும்.

சங்கு இருக்கட்டும். அதற்கு முன்னால் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை, கணக்குப் பேப்பர். எனக்குப் பின்னால் இருந்தவளின் ஜாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்தது. நடந்தது அவ்வளவுதான். தரையில் காம்பஸ் உருண்டு நின்றபோது என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற சூத்திரமெல்லாம் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. கேள்வித்தாளில் எழுத்துகள் இருந்தன. அவை எனக்குத் தெரிந்த எழுத்துகளாக இல்லை. உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. காதுக்குள் இரைச்சல். இனி இந்த இடத்தில் இருந்தால் செத்துப்போவோம் என்று தோன்றியது. எழுந்தேன். பேப்பரை அப்படியே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். மூடி போடாத பேனா கையிலேயே இருந்தது. வழியெல்லாம் அது தாவணியில் மையைக் கக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அம்மா முதலில் தாவணியைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். பயம் வந்தால் அவளுக்கு வசவாகத்தான் வரும். "ஏட்டி, பரீட்ச எழுதச் சொன்னா யார குத்திட்டு வந்துருக்கே?" என்றாள். சொல்லிவிட்டு மடியில் என் தலையை வைத்துக்கொண்டாள்.

பேப்பர் திருத்தி வந்தபோது அதில் இருந்த மார்க்கைச் சொல்ல இன்றைக்கும் மனம் வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கரும்பையும் பனங்கிழங்கையும் இறக்கி வைத்துவிட்டு, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதுவரை என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மாமா அவர். பெரியவர்கள் கூடத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மாமா ரயிலேறியபின் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம். "கணக்குல பாஸ் பண்ணிட்டேன்னா ப்ளஸ் ஒன் சேத்து விடுதேன்." பாஸ் பண்ணாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மாமா டம்ளரைப் பார்த்த பார்வை ஏற்கனவே சொல்லியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணக்கு தெரியாமல் இருந்தால்கூடத் தேவலை, படித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் ஒரு டப்பா விழுந்தால் காணாமல் போகும் என்பதும் தெரிந்துவிட்டது. அந்த ஒன்றுதான் தாங்க முடியவில்லை.

நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவன் அண்ணன். ஐடிஐ-யில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். உலகத்தில் உள்ள அத்தனையையும் மிஷினாகவே பார்ப்பான். "உனக்கு ஒண்ணுமில்ல. ட்ரிப் ஆயிட்ட, அவ்ளோதான்" என்றான். தெர்மல் மின்நிலையத்தில் தாங்க முடியாத லோடு வந்தால் மிஷின் தானே நின்றுகொள்ளும். அதற்குத்தான் எங்கள் ஊரில் ட்ரிப் என்று சொல்வது. கரண்ட் போனால் "எந்த யூனிட் ட்ரிப்போ" என்று பாட்டிமார்கள்கூடச் சொல்வார்கள். தங்கைக்கும் அது நேரும் என்பதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை. பொதுத்தேர்வுக்குள் சரிசெய்து காட்டுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்தான். அம்மா நம்பவில்லை. வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

பின்வாசலில் துணி துவைக்கிற கல்தான் பரீட்சை ஹால். சுவரைப் பார்த்தபடி அதில் உட்கார வேண்டும். மடியில் அட்டை, அட்டையில் பேப்பர். ஒரு முழுப் பரீட்சை நேரம் எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே முதுகு கழன்றுவிட்டது. "படிப்புக்கு மூள வேணும்னு எவன் சொன்னான்? மொதல்ல உக்கார்ற எடம் பழகணும்" என்றான். வாரம் போகப் போக, உட்கார்ந்திருப்பது பழகியபின், சத்தங்களைத் தொடங்கினான். குளியலறை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கல் எறிவான். எவர்சில்வர் தட்டை என் முதுகுக்குப் பின்னால் போடுவான். முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு தும்முவான். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் துள்ளி விழுவேன். துள்ளினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து பால் கொண்டுவருகிற அம்மா ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பால் அளக்கிற கையோடு நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, பொண்ணு செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீது? காத்து கருப்பு எதுனா அட்சிச்சா?"

"பரீட்சைக்குப் படிக்கா" என்றாள் அம்மா.

"மரத்து மேல கீற புள்ளயுமா?"

அம்மா பாத்திரத்தை நீட்டினாள். மறுநாள் அந்த அம்மா வேப்பிலை ஒரு கொத்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஒருநாள் அண்ணனுக்குச் சத்தங்கள் தீர்ந்துபோயின. தட்டு, கல், தும்மல் எல்லாம் எனக்குப் பழகிவிட்டிருந்தன. யோசித்துப் பார்த்து, கைகளை வாயில் குவித்து, அபாயச் சங்கை ஊதினான். விட்டு விட்டு, ஏறி ஏறி இறங்கும்படி. அவன் நன்றாகவே ஊதுவான். அப்பா அன்று காலை ஷிப்ட்.

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். வாசல்வரை போய்விட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் யாரும் இல்லை என்பதைப் பார்த்தபின்தான் அவளுக்கு விளங்கியது. திரும்பி வந்து, தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தாள். அவனை அவள் அடித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. "வெளையாடுதியா? எதுல வெளையாடணும்னு இல்லியால?" என்றவள் கல்லிலேயே, என் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அதன்பின் சங்கை ஊதவில்லை. பயிற்சியில் அந்த ஒரு சத்தம் மட்டும் பாக்கி நின்றது.

இன்னொரு விஷயம் மட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வந்தது. அப்பா மைன்ஸில் பெல்ட்டில் வேலை பார்த்தார். நிலக்கரியை மேலே கொண்டுவருகிற நீளமான ரப்பர் பெல்ட். புதிதாக வந்த ஒருவர், கரி வராத நேரத்தில் எதற்கு வெட்டியாக ஓடுகிறது என்று பெல்ட்டை நிறுத்திவிட்டாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா அலுத்துக்கொண்டார். "நிப்பாட்டுறது லேசு. திருப்பிக் கெளப்புறதுக்குள்ள உசுரு போயிருது. லோடு இல்லன்னா என்ன, காலியா ஓடட்டுமே."

அண்ணன் சாப்பாட்டுக் கையோடு என்னைப் பார்த்தான். மறுநாளே அது சட்டமாகிவிட்டது. தலைக்குள் ஒன்றுமில்லாமல் போனால் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது. அடுத்த தாளை எடுத்து மார்ஜின் போட வேண்டும். மார்ஜின் முடிந்தால் கேள்வி எண்ணை எழுத வேண்டும். அதுவும் முடிந்தால் கேள்வியையே பார்த்து எழுத வேண்டும். "லோடு வர்றப்ப வரட்டும். நீ காலி பெல்ட்டா ஓடிட்டே இரு."

பொதுத்தேர்வு வந்தது. கணக்குப் பேப்பர் ஒரு வியாழக்கிழமை. அப்பா காலை ஷிப்ட். வழக்கம்போல சைக்கிள் மணியை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அம்மா நெற்றி நிறைய விபூதி பூசி அனுப்பினாள். ஹாலுக்குள் போகுமுன் அதில் பாதியை வேர்வை கரைத்துவிட்டது.

பொதுத்தேர்வுக்கு மேற்பார்வைக்கு வேற்றுப் பள்ளி ஆசிரியர்கள்தான் வருவார்கள். எங்கள் அறைக்கு வந்தவர் ஒல்லியாக, சிமெண்ட் நிறச் சேலை கட்டிய ஒரு டீச்சர். "குள்ளஞ்சாவடி ஸ்கூலாம்டி. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம்" என்று முன்பெஞ்சுக்காரி திரும்பாமல் சொன்னாள். சிரிக்காத முகம். கூடுதல் தாள்களைக் கட்டுவதற்கான வெள்ளை நூல்கண்டு அவர் கையில் இருந்தது.

கேள்வித்தாள் கைக்கு வந்தது. முதல் கணக்கு தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. யாருடைய ஸ்கேலோ விழுந்தது. என் தோள் குலுங்கியது, பேனா நிற்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் வந்து முட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். வரைபடக் கணக்கும் இன்னும் சிலவும்தான் பாக்கி.

அப்போது சங்கு ஊதியது.

நீளச் சங்கு இல்லை. விட்டு விட்டு. ஏறி, ஏறி, இறங்கி.

அறையில் எல்லாப் பேனாவும் நின்றது. யார் அப்பா எந்த ஷிப்ட் என்பது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். தலைகள் ஒன்றையொன்று தேடின. முன்பெஞ்சுக்காரி எழுந்து நின்றுவிட்டாள். "டீச்சர், எங்கப்பா காலை ஷிப்ட்டு" என்றாள்.

டீச்சர் ஜன்னலோரம், முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். சங்கு இன்னொரு முறை ஏறி இறங்கும்வரை திரும்பவில்லை. பிறகு திரும்பினார். ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்: "உக்காரும்மா. டெஸ்ட் சங்குதான். உங்களுக்கு ஒரு டெஸ்ட், அதுக்கு ஒரு டெஸ்ட். எழுதுங்க."

முன்பெஞ்சுக்காரி உட்கார்ந்தாள். அந்தக் குரலுக்கு எதிரே நிற்க முடியாது.

எனக்கு மட்டும் உள்ளே கத்த வேண்டும் போலிருந்தது. இன்று வியாழக்கிழமை. டெஸ்ட் சங்கு முதல் திங்கட்கிழமைதான் ஊதும். இவர் வெளியூர், இவருக்கு என்ன தெரியும். ஒன்றும் தெரியாமல், எங்கள் அப்பாக்கள் கீழே என்னவானார்கள் என்று தெரியாமல், எழுதச் சொல்கிறாரே. கேள்வித்தாளைப் பார்த்தேன். எழுத்துகள் இருந்தன, தெரிந்த எழுத்துகளாக இல்லை. அதே இரைச்சல். அதே உள்ளங்கை ஈரம். கால் தானாக எழப் பார்த்தது. எழுந்தால் வெளியே ஓடலாம். ஓடினால் அப்பா வந்துவிடுவாரா என்று யோசிக்கக்கூட அப்போது தலையில் இடமில்லை. மாமா டம்ளரைப் பார்த்தது மட்டும் எங்கிருந்தோ வந்து போயிற்று.

தாளைத் திருப்பி மார்ஜின் போட்டேன். அது கோணிக்கொண்டு போயிற்று. அடுத்த தாளில் போட்டேன். கேள்வி எண்ணை எழுதினேன். கேள்வியைப் பார்த்து அப்படியே எழுதினேன், ஒரு வார்த்தையும் புரியாமல். டீச்சர் வந்து, நான் கேட்காமலேயே என் மேஜையில் ஒரு துண்டு நூலை வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் திரும்பவும் வந்து இன்னொரு துண்டு வைத்தார். கரும்பலகையில் மீதி நேரத்தை எழுதினார், அழித்தார், அதையே மறுபடி எழுதினார். நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே நடந்தார். விரல் நுனி நாவல்பழமாகக் கறுத்திருந்தது. என்ன டீச்சர் இவர், இவ்வளவு ஞாபகமறதி என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எழுதிக்கொண்டிருந்த கேள்வியின் கடைசி வார்த்தை எனக்குப் புரிந்தது. அப்புறம் அதற்கு முந்தைய வார்த்தை. லோடு வந்துவிட்டது.

கடைசி மணி அடித்ததும் வெளியே யாரும் யாரிடமும் பேப்பர் எப்படி என்று கேட்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். கேட்டருகே அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தான். அவனும் கேட்கவில்லை. "ஏறு" என்றான். வீட்டுப் பக்கம் திரும்பாமல் மைன்ஸ் ரோட்டில் மிதித்தான்.

மைன்ஸ் கேட்டில் கூட்டம். பெல்ட்டில் நெருப்பு என்றார்கள். அணைத்தாயிற்று என்றார்கள். இல்லை, புகைதான் என்றார்கள். அம்மா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அப்பாவின் செருப்பு. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியைத் தளர்த்தவே இல்லை. கேட்டிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

அவ்வளவு பேரில் யாரும் அழவில்லை. உள்ளேயிருந்து பஸ் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் வரவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது, கொஞ்சம் தள்ளி, பெண்களோடு பெண்ணாக அந்தச் சிமெண்ட் நிறச் சேலையைப் பார்த்தேன். பேப்பர் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். ஓரமாக, யாரோடும் சேராமல் நின்றிருந்தார். வெளியூர்க்காரர், கூட்டத்தைக் கண்டு என்னவென்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு அவரிடம் போனேன்.

பயத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்த ஒன்றை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் போலிருக்கிறது. "டீச்சர், அது டெஸ்ட் சங்கு இல்ல டீச்சர். டெஸ்ட் சங்கு மாசத்துல மொதத் திங்கக்கெழமதான் ஊதும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் யாரென்று கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அப்படியாம்மா? எனக்குத் தெரியாம போச்சு" என்றார். பிறகு, கேட்டைப் பார்த்துக்கொண்டே, "வரைபடம் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன் டீச்சர்."

"அளவுத்திட்டம் எழுதினியா, மூலையில?"

"எழுதினேன் டீச்சர்."

"நல்லது" என்றார். அவர் விரலில் அந்த நூல் இன்னும் அப்படியே இருந்தது.

ரிசல்ட் வந்தபோது கணக்கில் நான் வாங்கிய மார்க்கை அண்ணன் பிளாக் முழுக்கத் தன் மார்க்காகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். பால்கார அம்மாகூட வேப்பிலையின் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. மாமாவுக்கு அடுத்த தையில் வேறிடத்தில் பெண் பார்த்தார்கள். கல்யாணத்தில் அவர் பழையபடி என் சடையைப் பிடித்து இழுத்தார். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்குக் கடைசியில் பஸ் வந்தது. கறுத்த முகங்களாக இறங்கினார்கள். கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. அவர்களில் அப்பாவைக் கண்டுபிடித்தது அம்மாதான். அப்பா எங்களிடம் வந்து, அம்மாவின் கால்களைப் பார்த்தார். "என் செருப்ப எதுக்குப் போட்டுட்டு வந்தே?" என்றார். அப்புறம் என்னிடம், பெல்ட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி, "கெளப்பிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டான். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் பஸ் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் இறங்கியாயிற்று என்று நினைத்தபோது கடைசியாக ஒருவர் இறங்கினார். இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. படியில் பிடித்துக்கொள்ள முடியாமல் தடுமாறினார். டீச்சர் ஓடவில்லை. ஹாலில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்த அதே நடையில் அவரிடம் போனார். அவர் தோளில் தொங்கிய டிபன் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு அங்கேயே நின்று, விரலில் இறுகியிருந்த நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். அது சீக்கிரம் பிரிந்து வரவில்லை.

பரவாயில்லை, இந்த ஊரில் டீச்சருக்கும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டெஸ்ட் சங்கைப் பற்றி இனி அவர் சொல்லிக்கொடுத்துவிடுவார்.